எழுநூறு கிலோ ஆனந்தம்

ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயரின் பானெட்டைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? மற்ற கார்களில் ஒரு தகர மூடியைத்தான் தூக்குவோம். இதில் இரண்டு பக்கமும் கொக்கியை விடுவித்துத் தூக்கினால், ஹெட்லைட், மட்கார்டு என்று வண்டியின் முகமே மொத்தமாக முன்பக்கம் கவிழ்ந்துவிடும். எஞ்சின், சஸ்பென்ஷன், ஸ்டியரிங் எல்லாம் வெட்டவெளியில் நிற்கும். முதுகு ஒடியக் குனிய வேண்டாம். முன்சக்கரத்து டயர்மேல், திண்ணையில் உட்கார்வதுபோல் சாவகாசமாக உட்கார்ந்து வேலை பார்க்கலாம். உலகத்தில் இதைவிட அழகான கார்கள் எத்தனையோ இருக்கட்டும். ரிப்பேர் பார்ப்பவருக்கு இப்படி இடம் போட்டுக் கொடுத்த புண்ணியம் இதற்கும் இதன் அக்காவான ஹெரால்டுக்கும்தான் என்று யாரோடும் சண்டை போடத் தயாராக இருக்கிறேன்.

என்னுடையது 1965ஆம் ஆண்டு மார்க் 2. நான் குடியிருக்கும் ஊருக்குப் பக்கத்திலேயே, கோவென்ட்ரியின் கேன்லி தொழிற்சாலையில் பிறந்தது. 1147 சிசி எஞ்சின், 67 குதிரைத்திறன். இன்றைய ஆல்டோ கே10 தருவதும் ஏறத்தாழ அவ்வளவுதான். ஆனால் எடை? சுமார் 700 கிலோ. ஏசி இல்லை, பவர் ஸ்டியரிங் இல்லை, முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ்கூட இல்லை. உட்கார்ந்தால் கதவுக்கு வெளியே கையை நீட்டி ரோட்டைத் தொட்டுவிடலாம் போலிருக்கும். 70 கிலோமீட்டர் வேகத்திலேயே நெஞ்சு படபடக்கும். போலீஸ்காரர் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்த வண்டி பிறக்காமலே போயிருக்கும் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பகீரென்கிறது. இத்தாலிய வடிவமைப்பாளர் ஜொவான்னி மிக்கெலொட்டி ஹெரால்டின் சட்டத்தைக் கிட்டத்தட்ட ஒரு சாண் குறைத்து, அதன்மேல் இரண்டு பேர் உட்காரும் உடலை வரைந்து கொடுத்தார். கம்பெனியில் பணமில்லை. மாதிரி வண்டியைத் துணி போட்டு மூடி மூலையில் தள்ளிவிட்டார்கள். 1961இல் லேலண்ட் நிறுவனம் ட்ரையம்ஃபை வாங்கியது. தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்க வந்த லேலண்ட் அதிகாரி ஸ்டான்லி மார்க்லண்ட் அந்தத் துணியை விலக்கிப் பார்த்தார், பிடித்துப்போனது, தயாரிக்கச் சொல்லிவிட்டார். 1962இல் சந்தைக்கு வந்தது. 1980 வரை மூன்று லட்சத்துக்கு மேல் தயாரானது. அந்த மகானுக்கு என் கராஜில் ஒரு படம் மாட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஹெரால்டு என்றதும் சென்னைக்காரர்கள் நிமிர்ந்து உட்கார்வது தெரிகிறது. ஆமாம், பெருங்களத்தூர் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியில் 1961 முதல் செய்தார்களே, அதே ஹெரால்டுதான். அப்பா திருச்சியில் ஒன்று வைத்திருந்தார். நான் ஸ்பிட்ஃபயர் வாங்கிய செய்தியைப் போனில் சொன்னபோது, "ஏம்மா, நான் வித்துத் தொலைச்ச வண்டியை நீ அங்க போய் பவுண்டு குடுத்தா வாங்குன?" என்றார்.

"இல்லப்பா, இதுல ரெண்டு சீட்டுதான். மேல தகரமும் கிடையாது."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "ட்ரன்னியனுக்கு ஆயில் விட்டியா?" என்றார்.

அதைச் சொல்லாமல் ஸ்பிட்ஃபயரைப் பற்றிப் பேசவே முடியாது. முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடிமுனையில் மரை போட்டிருக்கும். அது ஒரு வெண்கலக் கட்டைக்குள் இறங்கியிருக்கும். இதுதான் ட்ரன்னியன். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்த மரைக்குள்ளேயே சுழலும். ஒரு பக்கச் சக்கரத்துக்கு வலமரை, மறுபக்கத்துக்கு இடமரை. இதற்கு கிரீஸ் அடிக்கக் கூடாது. நம்மூர் மெக்கானிக்குகள் '90 ஆயில்' என்பார்களே, அந்த கியர் ஆயில்தான் விட வேண்டும். கிரீஸ் நாளடைவில் இறுகும், ஈரம் உள்ளே இறங்கும், துரு தண்டை அரிக்கும். ஒரு நாள் தண்டு முறிந்து சக்கரம் பக்கவாட்டில் மடங்கிப் படுத்துவிடும். முறையாக ஆயில் விட்டால் பல காலம் உழைக்கும். லோட்டஸ் செவனுக்கே இந்த ஹெரால்டு தண்டுதான் போனது. லோட்டஸை உருவாக்கிய கோலின் சாப்மனுக்குப் போதுமானது எனக்குப் போதாதா?

டேப்பட் அட்ஜஸ்ட் செய்வது இன்னொரு பேரின்பம். எட்டு வால்வு. ஒன்றாவது முழுசாக அழுந்தி நிற்கும்போது எட்டாவதன் இடைவெளியைப் பார்க்க வேண்டும். மூன்றாவது அழுந்தினால் ஆறாவது. கூட்டினால் எப்போதும் ஒன்பது வரும். அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு இடைவெளி. ஃபீலர் கேஜின் தகடு லேசாக உரசிக்கொண்டு வழுக்கி வர வேண்டும். இறுக்கிப் பிடித்தாலும் குற்றம், தொளதொளத்தாலும் குற்றம். அந்த உரசலை விரல் ஒருமுறை கற்றுக்கொண்டுவிட்டால் பிறகு அளவே வேண்டாம்.

அப்புறம் இரட்டை எஸ்யூ கார்பரேட்டர்கள். இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். அதற்குக் கருவிகள் விற்கிறார்கள். நான் ஒரு ரப்பர் குழாயை எடுத்து ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கார்பரேட்டர் வாயிலும் வைத்துக்கொள்வேன். முதலாவதில் 'ஸ்ஸ்ஸ்'. இரண்டாவதில் அதே 'ஸ்ஸ்ஸ்' வரும்வரை திருகைத் திருப்புவேன். இரண்டு சுருதியும் சேர்ந்த நொடியில் எஞ்சினின் நடுக்கம் அடங்கி, சீராக ஓட ஆரம்பிக்கும். கர்நாடக சங்கீதம் சொல்லிக்கொடுத்த அம்மாவின் காசு வீண்போகவில்லை.

இத்தனையும் எதற்கு? ஷெல்ஸ்லி வால்ஷுக்கு.

இங்கிலாந்தின் வூஸ்டர்ஷயரில், டீம் நதிப் பள்ளத்தாக்கில் ஒரு மேட்டுப்பாதை. 1905 ஆகஸ்டில் அங்கே முதல் மலையேற்றப் பந்தயம் நடந்தது. இன்றும் அதே பாதையில் ஓடுகிறார்கள். நீளம் 1000 கஜம், அதாவது 914 மீட்டர். அதற்குள் 100 மீட்டர் உயரம் ஏற வேண்டும். அகலம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. மரங்களும் மண்மேடும் தோளை உரசும். ஒரு நேரத்தில் ஒரு கார்தான். எதிரி கடிகாரம் மட்டுமே. என்னைப் போன்ற ஞாயிற்றுக்கிழமைப் பந்தயக்காரர்கள் ஓடுகிற அதே ரோட்டில், அதே நாளில், அசுர வேக ஒற்றை இருக்கை ரேஸ் கார்களும் ஏறும். நமக்குப் பிடித்த கிரிக்கெட் மைதானத்தில் நம்மை இறங்கி ஆட விடுவார்களா? இங்கே லைசன்ஸும் ஹெல்மெட்டும் தீப்பிடிக்காத உடையும் இருந்தால் விடுகிறார்கள்!

காலையில் சோதனை. அதிகாரி வந்து சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டுவார், ஆக்சிலரேட்டர் ஸ்பிரிங்கை இழுத்து விடுவார், பேட்டரியின் எர்த் ஒயரில் மஞ்சள் டேப் இருக்கிறதா என்று பார்ப்பார். என் ட்ரன்னியனை அவர் ஆட்டிப் பார்த்துவிட்டுத் தலையசைக்கும்போது எனக்கு வரும் பெருமிதம் பத்தாம் வகுப்பு ரிசல்ட்டுக்குக்கூட வந்ததில்லை.

ஸ்டார்ட்டே சரிவில்தான். வண்டி பின்னால் உருளாமல் ஒருவர் சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பார். பச்சை விளக்கு எரிந்ததும் பாய வேண்டியதில்லை; வண்டி ஒளிக்கற்றையைக் கடக்கும்போதுதான் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். மூச்சை இழுத்துக்கொள்ளலாம், குலதெய்வத்தைக் கூப்பிட்டுக்கொள்ளலாம். பிறகு கிளட்ச். முதல் கியர் அலறும், இரண்டாவது, கென்னல் வளைவு, மூன்றாவது, கிராசிங். அதைத் தாண்டினால் பாட்டம் எஸ், டாப் எஸ்: இடது, உடனே வலது.

ஸ்பிட்ஃபயரை ஓட்டுபவரின் ஜாதகம் அங்கேதான் எழுதப்படுகிறது. பழைய ஸ்பிட்ஃபயரின் பின்பக்கம் ஸ்விங் ஆக்சில். வளைவில் பயந்துபோய் சட்டென்று ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டியின் வால் தூக்கும், வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடங்கும், பின்பக்கம் நம்மை முந்தப் பார்க்கும். பிற்காலத்தில் நம்மூர் ஸ்டாண்டர்ட் கம்பெனியில் ஹெரால்டின் வாரிசாகக் கேஸல் காரைச் செய்தபோது இந்த அமைப்பையே தூக்கிவிட்டு நேர் ஆக்சில் போட்டார்கள். நான் பின் பட்டை ஸ்பிரிங்கைத் தாழ்த்தி, சக்கரங்களின் தலை உள்பக்கம் சாய்ந்திருக்கும்படி செய்திருக்கிறேன். பாதி வைத்தியம் அது. மீதி வைத்தியம், பிரேக்கை வளைவுக்கு முன்பே நேராகப் பிடித்து முடித்துவிட்டு, உள்ளே போனபின் காலை எடுக்காமல் இருப்பது. சொல்வது சுலபம்!

ஆனால் அந்த நேரத்தில் நடக்கும் ஒன்று இருக்கிறதே, அதற்காகத்தான் நான் இப்படிப் பைத்தியமாக அலைகிறேன். ஸ்டியரிங்கில் ஒரு சிணுக்கம் வரும். எந்த போல்ட்டின் வழியாக வருகிறது என்று கைக்குத் தெரியும், ஏனென்றால் அதை முடுக்கியது அந்தக் கைதான். எஞ்சின் 5500 சுற்றைத் தாண்டிக் கத்தும். எட்டு வால்வும் எந்த இடைவெளியில் ஆடுகின்றன என்று மனது எண்ணிக்கொண்டிருக்கும். புதன்கிழமை இரவு கராஜில் தொட்டதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை வளைவில் ஒவ்வொன்றாகப் பதில் பேசும். வேறொருவர் தயார் செய்து கொடுத்த வேகமான வண்டிகளையும் ஓட்டிப் பார்த்தேன். அவை என்னோடு பேசவில்லை.

செலவைப் பற்றிக் கேட்காதீர்கள். உண்மையில் பயப்படும்படி இல்லை; இந்த வண்டியின் ஏறக்குறைய எல்லாப் பாகங்களும் இன்னும் புதிதாகக் கிடைக்கின்றன. என் கணவரும் கேட்பதில்லை. ஒரே வண்டியில் இரண்டு பேர் தனித்தனியாக ஓட விதியில் இடமுண்டு, அவரும் இதில்தான் ஓடுகிறார். யாருடைய நேரம் குறைவு என்பதை இங்கே எழுத மாட்டேன், குடும்பத்தில் அமைதி வேண்டும்.

1965இல் லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் ஸ்பிட்ஃபயர்கள் 13ஆம், 14ஆம் இடங்களில் வந்து தங்கள் பிரிவில் முதலிரண்டு இடங்களையும் பிடித்தன. என் லட்சியம் அவ்வளவு பெரிதல்ல. 1930இல் ஹான்ஸ் ஸ்டக் என்பவர் ஆஸ்ட்ரோ-டைம்லரில் ஷெல்ஸ்லி மேட்டை 42.8 விநாடியில் ஏறிச் சாதனை படைத்தார். ஒல்லி டயர், அந்தக் காலத்து ரோடு, அந்தக் காலத்து பிரேக். அந்த மனிதரை நான் இன்னும் முந்தவில்லை. இந்தக் குளிர்காலத்தில் சிலிண்டர் ஹெட்டை இறக்கி போர்ட்டுகளைத் தீட்டப்போகிறேன். புது கேம்ஷாஃப்ட் பார்சலில் வந்துகொண்டிருக்கிறது. ஸ்டக்குக்கு வசந்தகாலம் வரைக்கும்தான் நிம்மதி.