யூன் முதலாம் திகதியும் ஆர்மீனியரின் நூலகமும்

ஃப்ரீமான்ட்டில் இருந்துகொண்டு ஆர்மீனியரைப் பற்றி எழுதுவது சிலருக்கு விசித்திரமாகப் படலாம். இங்கு அகதி என்றதும் நினைவுக்கு வருபவர்கள் ஆப்கானியர்கள். நகரின் ஒரு பகுதியைச் 'சின்னக் காபூல்' என்றே அழைக்கிறார்கள். ஆனால் எமது நினைவுகூரல்களை உரசிப் பார்க்க வேண்டுமென்றால், கலிபோர்னியாவில் ஆர்மீனியர் செய்திருப்பவற்றை விட நல்ல உரைகல் எனக்குத் தெரிந்து இல்லை. அவற்றில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒன்று குன்றின் மேல் நிற்கும் சிலுவை. மற்றது ஒரு நகரசபை நூலகம்.

சிலுவை எமக்குக் கிட்ட இருப்பது. சான்பிரான்சிஸ்கோவின் மிக உயர்ந்த குன்றான மவுண்ட் டேவிட்சனின் உச்சியில், 1934இல் கட்டப்பட்ட 103 அடி உயரக் கொங்கிறீற் சிலுவை அது. பொதுநிலத்தில் மதச்சின்னம் நிற்பது அரசியலமைப்புக்கு முரண் என 1996இல் நீதிமன்றம் தீர்ப்பளித்ததும், மறுவருடம் நகரம் அந்தத் துண்டு நிலத்தை ஏலம் விட்டது. வட கலிபோர்னிய ஆர்மீனிய அமைப்புகள் ஒன்றுகூடி 26,000 டொலருக்கு அதை வாங்கி, 1915 இனப்படுகொலையில் மாண்டவர்களுக்கான நினைவுப்பட்டயத்தை அங்கே பதித்தன. மலிவான விலைதான். ஆனால் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. வேறொரு நோக்கத்துக்காகக் கட்டப்பட்ட சின்னத்தில் ஒரு சமூகம் தன் துயரத்தை ஒட்டிக்கொண்டது. நிலம் தனியாருடையதாகிவிட்டதால், அங்கே எதை நினைவுகூரலாம் என்று வெளியாள் எவரும் வாதாட முடியாது. வழக்குக்கு அதுவே தீர்வாக அமைந்தது. நினைவுக்கு அது தீர்வாகுமா?

லொஸ் ஏஞ்சலிஸை அடுத்துள்ள கிளென்டேல் நகரில் நடந்தது வேறு. ஆர்மீனியர் பெருந்தொகையாக வாழும் இந்நகரம், தனது மத்திய நூலகத்தைப் புதுப்பித்து 2017இல் திறந்தபோது, 'ரிஃப்ளெக்ற் ஸ்பேஸ்' என்ற கண்காட்சிக்கூடத்தை அதற்குள்ளேயே அமைத்தது. பெரும் கொடுமைகளின் நினைவுக்கென்றே ஒதுக்கப்பட்ட இடம். முதற் கண்காட்சி இனப்படுகொலையின் சாட்சியங்களைப் பற்றியது. அதை எவரும் எதிர்பார்த்திருப்பர். அடுத்தடுத்து அங்கே இடம் பெற்றவர்கள் யப்பானிய இராணுவத்தால் பாலியல் அடிமைகளாக்கப்பட்ட கொரியப் பெண்களும், அமெரிக்க அடிமைமுறைக்குப் பலியான கறுப்பின மக்களும். கொரியப் பெண்களுக்கான சிலையொன்று நூலகத்தை அண்டிய பூங்காவில் 2013இலிருந்து இருக்கிறது. அதை அகற்றக் கோரிய வழக்கு தோற்றது.

இதைப் பெருந்தன்மை என்று சொல்லிக் கடந்துவிடக்கூடாது. அமெரிக்க செனற் 2019இலும் ஜனாதிபதி 2021இலும்தான் இனப்படுகொலை என்ற சொல்லை ஏற்றார்கள். துருக்கி இன்றும் மறுக்கிறது. நூறு வருடமாக மறுக்கப்பட்ட கதையை மற்றவர் கதைகளோடு ஒரே கூரையின் கீழ் வைத்தால் அதன் தனித்துவம் கரைந்துவிடும் என்று அஞ்சுவதற்கு அவர்களுக்கு எல்லா நியாயமும் இருந்தது. பொது நூலகம் என்ற வடிவம் அந்த அச்சத்துக்கு இடம் கொடுக்கவில்லை. வரி கட்டும் எவனும் உள்ளே வரலாம், புத்தகத்தை எடுக்கலாம், பிழை என்று சண்டையும் பிடிக்கலாம். சிலுவையோடு யாரும் சண்டை பிடிப்பதில்லை.

ஆர்மீனியருக்கு ஏட்டோடுள்ள உறவு பழையது. 1915 ஏப்ரல் 24இல் கொன்ஸ்தாந்திநோப்பிளில் முதலில் பிடிக்கப்பட்டவர்கள் எழுத்தாளர்களும் ஆசிரியர்களும் பத்திரிகையாளர்களும். அதே வருடம் மூஷ் நகரிலிருந்து தப்பிய இரு பெண்கள், 28 கிலோ நிறையுள்ள ஒரு கையெழுத்துச் சுவடியை இரண்டாகப் பிரித்து ஆளுக்கொரு பாதியாகச் சுமந்தார்கள். ஒருத்தி வழியில் இறந்துவிட, அவள் பாதி புதைக்கப்பட்டுப் பின்னர் கண்டெடுக்கப்பட்டது. இன்று இரண்டும் யெரெவானில் இருக்கின்றன. (உலகின் முதல் ஆர்மீனியப் பத்திரிகையான 'அஸ்தரார்' 1794இல் வெளிவந்தது எங்கே தெரியுமா? சென்னைப் பட்டினத்தில்!)

எமக்கும் அப்படியொரு உறவு இருந்தது. 1933இல் க. மு. செல்லப்பா தன் வீட்டில் தொடங்கிய வாசிகசாலைதான் 1959இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் பெரிய கட்டடமாக எழுந்தது. 1981இல் மே 31 இரவு தொடங்கிய வெறியாட்டத்தில் பொலிஸாரும் கூட வந்தோரும் அதை எரித்தார்கள். 97,000 நூல்கள். இந்த எண்ணிக்கை எங்கள் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். அதில் பத்து நூல்களின் பெயரைச் சொல்லக் கேட்டால் எம்மில் எத்தனை பேருக்கு வாய் திறக்கும்? வருடாவருடம் யூனில் நாம் நினைவுகூருவது கட்டடத்தை. வாசிப்பை அல்ல. இந்த நிலையில் மாற்றுப்பாதை காட்டியவர்கள், 2005இலிருந்து ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் சஞ்சிகைகளையும் இணையத்தில் ஏற்றிவரும் 'நூலகம்' நிறுவனத்தார் மட்டுமே என்பது என் அபிப்பிராயம்.

இங்குள்ள நண்பர்கள் சிலர், ஃப்ரீமான்ட் கவுண்டி நூலகத்தில் அடுத்த யூனுக்கு ஒரு கண்காட்சி வைக்கக் கேட்போம் என்கிறார்கள். நல்ல விடயம், நானும் வருவேன். ஆனால் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் என்ன இருக்கும்? 1990 ஒக்ரோபர் 30இல், அதே நூலகத்திலிருந்து நடந்துபோகக்கூடிய தூரத்திலுள்ள சோனகதெருவின் மக்கள், இரண்டு மணி நேரத்தில் வெளியேறுமாறு புலிகளால் துரத்தப்பட்டார்கள். அவர்களின் வீடுகளிலும் புத்தகங்கள் இருந்தன. அவர்களும் அந்த நூலகத்துக்கு உரியவர்கள்தான். இதைச் சொன்னதும் ஒரு நண்பர், "இரண்டையும் சமப்படுத்துகிறீர்கள்" என்று கோபித்தார். நான் சமப்படுத்தவில்லை. அரசின் பொலிஸ் வைத்த தீ, ஒக்ரோபரைச் சொல்வதால் ஒரு பொறியும் குறையாது. ஒக்ரோபரை மறைத்தால்தான், எங்கள் கண்காட்சியைப் பார்க்க வரும் ஒரு சிங்களவரோ முஸ்லிமோ மிச்சத்தையும் சந்தேகிப்பார்.

'முறிந்த பனை'யையும் கேட்டுப் பார்த்தேன். அதன் ஆசிரியர் நால்வரில் ஒருவரான ராஜினி திராணகம 1989 செப்ரெம்பரில் யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். எல்லாத் தரப்பின் துப்பாக்கிகளையும் கணக்கில் எடுத்த அந்த ஆங்கில நூல் மறுவருடம் வெளிவந்தது இதே கலிபோர்னியாவின் கிளெயர்மொன்ற் நகரிலிருந்து. "இந்த நேரத்தில் அது தேவையில்லாத பிரச்சினை" என்றார்கள். எந்த நேரத்தில் தேவைப்படும் என்று எவரும் சொல்லவில்லை.

நண்பர்களின் பட்டியலில் இப்போதைக்கு எரிந்த கட்டடத்தின் நான்கு புகைப்படங்கள் இருக்கின்றன. அந்த நூலின் பிரதியொன்று என்னிடம் உண்டு, கேட்டால் கொடுப்பேன்.