தம்பிக்கு எந்த நாற்காலி?

சின்னசேலம் வட்டத்து நைனார்பாளையத்துக்கு வடமேற்கே கல்வராயன் மலை. அங்குள்ள மலையாளி என்ற பழங்குடி மக்களிடம் ஒரு பூர்வகதை உண்டு. காஞ்சிபுரத்திலிருந்து பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று மூன்று சகோதரர்கள் புறப்பட்டு வந்து ஆளுக்கொரு மலைப்பக்கம் பிரிந்துபோனார்களாம். கடைக்குட்டியைக்கூடக் கதை 'தம்பி' என்று சொல்லவில்லை. தனி மலை கிடைத்தால் தம்பியும் அண்ணன்தான்.

சமவெளியில் அந்த வசதி கிடையாது. அரியணை ஒன்றே ஒன்று. 'தம்பி உடையான் படைக்கு அஞ்சான்' என்ற பழமொழியும் அண்ணன் பக்கம் நின்றே பேசுகிறது. தம்பிக்கு என்ன கிடைத்தது என்று அது கேட்பதில்லை. கிடைத்தவர்களும் உண்டு. 1054இல் கொப்பம் போரில் முதலாம் ராஜாதிராஜன் யானைமேலேயே மாண்டபோது, தம்பி இரண்டாம் ராஜேந்திரன் களத்திலேயே முடிசூடினான். அவனுக்குப்பின் இன்னொரு தம்பி வீரராஜேந்திரன். தஞ்சை மராட்டியரிலும் சகஜி, சரபோஜி, துக்கோஜி என்று சகோதரர் மூவர் 1684 முதல் 1736 வரை வரிசையாக ஆண்டார்கள்.

ஆனால் சுவையான தம்பிகள், முடிக்குக் காத்திராமலே ஆண்டவர்கள். சிவகங்கைச் சீமையின் மருது சகோதரர்களைக் கும்பினிப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் நேரில் பழகி எழுதிவைத்திருக்கிறார். பெரிய மருது வேட்டைப்பிரியர்; கெட்டியான ஆற்காட்டு ரூபாயை விரலாலேயே வளைப்பாராம். நிர்வாகத்தில் தலையிடுவதில்லை. நாட்டை நடத்தியவர் சின்ன மருது. சிறுவயல் அரண்மனையில் காவல் கிடையாது, யாரும் வரலாம், போகலாம். வெல்ஷுக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்தவரும் சின்னவர்தான். அந்த மாணவரே 1801இல் எதிர்ப்படையில் வந்தார். அவ்வாண்டு ஜூனில் திருச்சிக் கோட்டையிலும் திருவரங்கத்திலும் ஒட்டப்பட்ட பிரகடனம் சின்ன மருதின் பெயரில் வெளிவந்தது. அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கு மட்டும் அண்ணன் தம்பி இருவருக்கும்.

மக்களாட்சியில் இந்த வகைத் தம்பிக்கு இன்னும் வசதி. ராஜீவின் தம்பி சஞ்சய் காந்தி, நெருக்கடிநிலை நாட்களில் எம்.பி.கூட இல்லை. பதவி இல்லாததால் கேள்வி கேட்கவும் வழியில்லை! அமெரிக்காவில் ஜான் கென்னடி 1961இல் தம்பி ராபர்ட்டை அட்டர்னி ஜெனரல் ஆக்கினார்; 1967இல் உறவினரைப் பதவியில் அமர்த்தத் தடைச்சட்டம் வந்தது.

இலங்கையில் தம்பிகளுக்காக அரசியல் சாசனமே வளைந்து கொடுத்தது. மகிந்த ராஜபக்ச அதிபராக இருந்த காலம் முழுவதும் தம்பி கோத்தபய பாதுகாப்புச் செயலாளர். ஓட்டுக் கேட்டு வாங்கிய பதவி அல்ல. ஆனால் 2009இல் முடிந்த போரின் கடிவாளத்தில் ஒரு முனை அவர் கையில். இன்னொரு தம்பி பசிலிடம் 2010 முதல் பொருளாதார மேம்பாட்டு அமைச்சு. 2015இல் வந்த 19ஆவது திருத்தம் ஒருவர் இரண்டு முறைக்குமேல் அதிபராக முடியாது என்றது. அண்ணனுக்கு அடைத்த கதவு தம்பிக்குத் திறந்தது: 2019இல் அமெரிக்கக் குடியுரிமையைத் துறந்து வந்து கோத்தபய அதிபரானார், மகிந்த பிரதமர்.

பசில் அமெரிக்கக் குடியுரிமையை விடவில்லை. இரட்டைக் குடியுரிமைக்காரர் நாடாளுமன்றம் போகக் கூடாது என்பதும் அதே 19ஆவது திருத்தம்தான். 2020 அக்டோபரில் 20ஆவது திருத்தம் அந்தத் தடையை நீக்கியது. 2021 ஜூலையில் பசில் எம்.பி.யானார், அன்றே நிதியமைச்சரும் ஆனார். திரைக்குப் பின்னால் கெட்டிக்காரர்கள் என்று பெயரெடுத்த தம்பிகள் இருவரும் இப்போது முன்வரிசையில். கோத்தபய ரசாயன உரத்தைத் தடைசெய்ய, வயல்கள் படுத்தன. டாலர் தீர்ந்து, பெட்ரோலுக்கும் எரிவாயுவுக்கும் தெருநீள வரிசை. 2022 ஏப்ரல் தொடக்கத்தில் பசில் நிதியமைச்சை இழந்தார். அடுத்த வாரமே வெளிக்கடனைக் கட்ட இயலாது என்று அரசு கைவிரித்தது. மே 9 அன்று அண்ணன் விலகினார். ஜூலையில் பசில் கிளம்பப் பார்த்தபோது கொழும்பு விமான நிலையக் குடிவரவு ஊழியர்கள் வழிவிடவில்லை. மறுநாள் கோத்தபய மாலத்தீவு வழியாக வெளியேறி, சிங்கப்பூரிலிருந்து ராஜினாமா அனுப்பினார்.

அந்த அக்டோபரிலேயே 21ஆவது திருத்தம் நிறைவேறி, இரட்டைக் குடியுரிமைக்காரருக்கு நாடாளுமன்றக் கதவு திரும்பவும் மூடப்பட்டது.