தொங்கியும் தொங்காத படகு

பாய்ப்படகின் அழகைப் பார்க்க வருபவர்கள் பாய்மரத்தை அண்ணாந்து பார்ப்பார்கள், அல்லது அணியத்தின் கூர்மையை மெச்சுவார்கள். பின்னணியத்துக்குப் போய் அங்கே ஏற்றியிருக்கும் டிங்கிப் படகை நின்று பார்ப்பவர்கள் குறைவு. படகுக்காரரின் கைத்திறனும் கடலறிவும் அந்த ஓரிடத்தில்தான் ஒருசேரத் தெரிகின்றன என்பது என் கட்சி. பின்பலகையிலிருந்து வெளியே நீளும் இரண்டு வளைந்த உலோகக் கைகளை டேவிட் என்பார்கள். அவற்றிலிருந்து கப்பியும் கயிறும் போட்டுச் சிறுபடகைத் தூக்கிவிட யாராலும் முடியும். தூக்கிய பிறகு அது தொங்கும் பொருளாகவே இருந்தால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. பெரிய படகு உருண்டால் தானும் உருண்டு, அது நிமிர்ந்தால் தானும் நிமிர்ந்து, தனக்கென்று ஓர் அசைவே இல்லாமல் ஆகிவிடும்போதுதான் அது கலை.

பூவரசங்குளத்துக்காரருக்கு இதெல்லாம் தூரத்துப் பேச்சாகத் தோன்றலாம்; அங்கே கடல் இல்லை. வவுனியாவிலிருந்து மன்னாருக்குப் போகும் வீதியில் குளத்தையும் வயலையும் நம்பியிருக்கிற ஊர். ஆனால் வன்னியின் இரு கரைகளையும் அறிந்தவர்களுக்குச் சிறுபடகின் தேவையை விளக்க வேண்டியதில்லை. முல்லைத்தீவு திறந்த மணற்கரை. மன்னார்ப் பக்கமோ ஆழம் குறைந்த கடல். நீருக்குள் ஆழமாக இறங்கும் அடிப்பாகம் கொண்ட பாய்ப்படகு இப்படிப்பட்ட கரைகளில் எட்ட நின்றே நங்கூரமிட வேண்டும். தண்ணீர், அரிசி, எண்ணெய், ஆட்கள் எல்லாம் கரைக்கும் படகுக்கும் இடையே போய்வருவது டிங்கியில்தான். டிங்கி தொலைந்தால் கரையைக் கண்ணால் பார்த்துக்கொண்டு சிறையிருக்க வேண்டியதுதான்.

சிக்கல், டிங்கியை வைக்கும் இடத்தில் தொடங்குகிறது. வல்வெட்டித்துறையில் 1930இல் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 89 அடி நீளம். அமெரிக்கரான வில்லியம் அல்பர்ட் றொபின்சன் அதை வாங்கினார். புளோரன்ஸ் சி. றொபின்சன் என்ற புதுப்பெயரோடு வல்வெட்டித்துறைக் கடலோடிகள் அதைச் செலுத்திச் சென்று, 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறையை அடைந்தார்கள். அவ்வளவு நீளமான தளத்தில் ஒரு சிறுபடகைக் கவிழ்த்து வைக்க இடம் தேடி அலைய வேண்டாம். அதே றொபின்சன் 1928 முதல் 1931 வரை உலகைச் சுற்றிவந்த ஸ்வாப், ஏறத்தாழ 32 அடிதான். அந்த அளவுப் படகில் பாய்களைக் கையாள நடக்கும் வழியைத்தான் டிங்கி அடைத்துக்கொள்ளும். பின்னணியத்துக்கு வெளியே இருக்கும் வெற்றுவெளி அப்போது கண்ணுக்குப் படுகிறது. இடம் இலவசமாகக் கிடைத்ததுபோலத் தோன்றும். கடல் அதற்குத் தனியாக வாடகை வாங்கும்.

எவ்வளவு என்று கணக்குப் பார்க்கலாம். 10 மீட்டர்ப் படகின் நடுவிலிருந்து பின்பலகை ஏறத்தாழ 5 மீட்டர். டேவிட்டில் ஏறிய டிங்கி இன்னும் 1 மீட்டர் வெளியே. படகு அணியமும் பின்னணியமுமாக ஏறி இறங்கும்போது ஒரு பாரம் காட்டும் எதிர்ப்பு தூரத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. ஆகவே 6 மீட்டரில் இருக்கும் 50 கிலோ, நடுவிலிருந்து 1 மீட்டரில் இருக்கும் அதே 50 கிலோவைவிட 36 மடங்கு அந்த அசைவில் பங்கெடுக்கிறது. அதோடு மழை. 2 சதுர மீட்டர் உட்பரப்புள்ள டிங்கியில் 100 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 200 லீட்டர், அதாவது 200 கிலோ. வன்னி மாரியில் ஓர் இரவுக்கு இது புதிதல்ல. டிங்கியின் அடியில் இருக்கும் வடிகால் அடைப்பைக் கழற்றி வைத்திருக்கிறார்களா என்பதை முதலில் பார்ப்பேன். மினுக்கிய உருக்குக் குழாய்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கைவேலையின் நுட்பம் பாரம் எங்கே போய்ச் சேருகிறது என்பதில் இருக்கிறது. நம் கரையோரப் படகு மேஸ்திரிமார் படகின் விலாச்சட்டமான வங்குக்குப் பூவரசின் இயல்பான வளைவுக் கொப்புகளைத் தேடுவார்கள். வளைவோடு நாரும் ஓடுவதால் அது பிளக்காது. டேவிட்டிலும் இதே நியாயம்தான். மெல்லிய பின்பலகையில் நாலு ஆணி அடித்து நிறுத்தினால் ஒவ்வொரு அலையும் அந்த ஆணிகளை அசைத்துப் பார்க்கும். உட்புறத்தில் அகலமான தட்டு வைத்து, விசையை வங்குகளுக்கும் தளத்துக்கும் பங்கிட்டுக் கொடுத்தவர் விஷயம் தெரிந்தவர். பிறகு கட்டு. தூக்கும் கயிறு மேலே இழுப்பதற்கு மட்டும். அசைவைக் கொல்வது அதன் வேலை அல்ல. டிங்கியை டேவிட்டோடு இறுக அணைத்து, வயிற்றைச் சுற்றிப் பட்டி போட்டு, இரு பக்கமும் குறுக்காகக் கயிறு இழுத்து முடிய வேண்டும். அவுட்போட் எஞ்சினைக் கழற்றிப் பெரிய படகின் கம்பித் தடுப்பில் பூட்டுவதும் இந்த ஒழுங்கில் ஒன்று. டிங்கியின் பின்பக்கம் தொங்கும் எஞ்சின் பாரத்தை ஒரு கைக்கே தள்ளிவிடும்.

எதிர்வாதம் வலுவானது. பெருங்கடலில் படகை வெளியே தொங்கவிடுவதே மடமை என்பார்கள் அனுபவசாலிகள். சான்றும் இருக்கிறது. டார்வின் பயணம் செய்த பீகிள், கிட்டத்தட்ட அன்னபூரணியின் நீளமே. 1833 ஜனவரி 13 அன்று கேப் ஹோர்ன் அருகே அடுத்தடுத்து வந்த பேரலைகளில், வெளியே தொங்கிய திமிங்கிலப் படகு ஒன்று நீர் நிறைந்து, கோடரியால் வெட்டிவிடப்பட்டது. இதை நான் மறுக்கவில்லை. என் வாதத்துக்கு இது உதவவே செய்கிறது. எந்தக் கடலுக்கு எந்த ஏற்றம் என்று தெரிவதும் அந்தக் கலைக்குள் அடங்கும். கரையோரமாக ஒரு நாள் ஓட்டத்துக்கு டேவிட். வாரக்கணக்கில் கரை காணாத ஓட்டத்துக்கு டிங்கியை இறக்கித் தளத்தில் கவிழ்த்துக் கட்டுவது. இரண்டுக்கும் இடம் வைத்து அமைத்த படகே முழுமையானது. தளத்தில் இடமே இல்லை என்பவர்களுக்கு ஜோஷுவா ஸ்லோக்கம் பதில் சொல்லிவிட்டார். 1895இல் ஸ்பிரே என்ற பாய்ப்படகில் தனியே உலகைச் சுற்றப் புறப்பட்டவர், ஒரு பழைய டோரிப் படகைக் குறுக்கே இரண்டாக வெட்டி, வெட்டிய பக்கத்தைப் பலகையால் அடைத்து, அந்தப் பாதியையே டிங்கியாகக் கொண்டுபோனார். துணி துவைக்கும் தொட்டியும் அதுதான்!

இழுத்துக்கொண்டே போனால் என்ன என்பது இன்னொரு கேள்வி. அமைதியான களப்பில் போகலாம். பின்னாலிருந்து அலை தள்ளும் கடலில் டிங்கி ஓடிவந்து பின்பலகையில் முட்டும், இல்லையேல் கவிழ்ந்து கயிற்றை அறுக்கும். காற்றடைத்த ரப்பர்ப் படகைச் சுருட்டி உள்ளே வைத்துவிடலாமே என்பதும் நியாயம்தான். நீண்ட ஓட்டத்துக்கு அது நல்ல வழியும்கூட. ஆனால் ஒவ்வொரு நங்கூரத்திலும் விரித்து ஊத வேண்டிய படகை, அவசரத்துக்கு இறக்கும் படகு என்று எண்ண முடியாது.

மிஞ்சுவது அழகு பற்றிய குறை. பின்னணியத்தின் கோட்டை டிங்கி மறைக்கிறது என்கிறார்கள். குறுகலான, கூர்ந்து முடியும் பின்னணியங்களில் இது உண்மை. அங்கே பாரத்தைத் தாங்கும் மிதப்பும் போதாது. கண்ணுக்கு ஒவ்வாதது கணக்குக்கும் ஒவ்வவில்லை. அகன்ற பின்பலகையில், அதன் அகலத்துக்கு மிஞ்சாத டிங்கியை நெருக்கி ஏற்றினால் கோடு கெடுவதில்லை. அப்போதும் இரண்டைச் சரிபார்க்க வேண்டும். காற்றைப் பார்த்துத் தானே சுக்கானைத் திருப்பும் பொறிக்கும் அதே இடம்தான் வேண்டும். பொறியும் டிங்கியும் ஒன்றையொன்று இடித்தால் நீண்ட ஓட்டத்தில் விட்டுக்கொடுக்க வேண்டியது டிங்கிதான். மற்றது பின்விளக்கு. சர்வதேச விதிப்படி அது பின்னால் 135 பாகை முழுவதும் தெரிய வேண்டும். பகலில் எவ்வளவு நேர்த்தியாக ஏற்றியிருந்தாலும், இரவில் அந்த விளக்கை டிங்கியின் வயிறு மறைக்குமானால் விளக்கை இடம் மாற்றிப் பூட்டும்வரை அந்தப் படகு துறையை விட்டுக் கிளம்பக் கூடாது.