முயல்மொழியில் இல்லாத சொல்

றிச்சேட் அடம்ஸின் 'வோட்டர்ஷிப் டவுண்' (1972) என்னும் ஆங்கில நாவலில் முயல்கள் பேசும் லப்பைன் மொழி, புனைமொழிகளுள் விதந்து பேசப்படும் ஒன்றாகும். அதன் ஓசையினிமையைப் பாராட்டுவோர் பலர். மொழி சமூக வாழ்வின் விளைபொருள் எனக் கொள்ளும் நாம் வேறொரு வினாவை எழுப்ப வேண்டியுள்ளது: இவை எத்தகைய சமூகத்தின் சொற்கள்?

நலிந்தோரின் வாழ்வனுபவம் இம்மொழியில் அழுத்தமாகவே பதிந்துள்ளது. மனிதன் உட்படப் பகைவர் அனைவரும் 'எலில்' என்ற ஒரு சொல்லுள் அடங்குவர். அச்சத்தால் உறைந்து செயலற்றுப் போகும் நிலை 'தார்ண்'. வளையைவிட்டு வெளியே வந்து மேய்வது 'சில்பிளே'. உண்ணும்போதும் ஆபத்தை எதிர்நோக்கும் உயிருக்கே இதற்கெனத் தனிச்சொல் தேவைப்படும். மோட்டார் வாகனம் அதன் இரைச்சலையொட்டி 'ஹ்ருடுடு' எனப்படுகின்றது. இவ்வளவில் அடம்ஸின் யதார்த்த நோக்கு மதிக்கத்தக்கதே.

ஆயின், அதிகாரமும் இம்மொழியில் ஆழ வேரூன்றியுள்ளது. தலைவனைக் குறிக்கும் 'றா' என்னும் விகுதி, உணவைக் குறிக்கும் 'பிளே'யுடன் சேர்ந்து 'பிளேறா' ஆகிச் சிறந்த உணவைச் சுட்டுகின்றது. உயர்ந்தவை யாவும் தலைமைக்குரியவை என்ற கருத்து இங்கு சொல்லாக்க விதியாகவே அமைந்துவிடுகின்றது. முதல் அத்தியாயத்தில், வலியோர் குழுவாகிய 'அவுஸ்லா'வினர், எளிய முயலொன்று கண்டெடுத்த செடியைத் தமக்குரியதெனப் பறித்துக்கொள்வது இதன் நடைமுறை விளக்கமாகும்.

இவற்றினும் முக்கியமானது இம்மொழியில் இல்லாத ஒரு சொல். நாவலோடு தரப்பட்டுள்ள சொற்பட்டியலில் வளை தோண்டுதலுக்குச் சொல்லில்லை. முயல் சமூகத்தின் இருப்புக்கு ஆதாரமான உழைப்பு அதுவே. அதனைப் பெரிதும் செய்வன பெண்முயல்கள். பெண்முயல்களின்றிப் புதிய குன்றிற் குடியேறிய ஆண்முயல்கள், தேவை நெருக்கவே தாமே தோண்டத் தலைப்படுகின்றன. பழைய உழைப்புப் பிரிவினை தளரும் கட்டம் அது. அப்போதும் அவ்வுழைப்புக்கு முயல்மொழியில் ஒரு பெயர் பிறக்கவில்லை.

இதனை ஆசிரியரின் மறதி என ஒதுக்குவதற்கில்லை. மேய்ச்சலையும் போரையும் ஆட்சியையும் கூர்ந்து காணும் பார்வை, அவற்றைத் தாங்கிநிற்கும் உழைப்பைக் காணத் தவறுகின்றது. விலங்குக் கதையில் வர்க்க நோக்கிற்கோ பெண்ணின் உழைப்புப் பற்றிய வினாவிற்கோ இடமில்லை எனக் கருதுவோர்க்கு லப்பைன் சொற்பட்டியலே தக்க மறுப்பாகும். புனைமொழியை ஆராய்வோர், அது பெயரிட்டவற்றோடு பெயரிடாதவற்றையும் கணக்கிற் கொள்ளுதல் வேண்டும்.