துக்க வீட்டில் பரலோகம்

பரலோகத்தைப் பற்றிக் கிறிஸ்தவர்கள் எழுதியவற்றை அடுக்கினால் ஒரு நூலகம் நிரம்பும். அவற்றில் ஆகப் பழையதாகக் கருதப்படும் பகுதியோ சில வரிகள்தான். கி.பி. 50ஐ ஒட்டிப் பவுல் தெசலோனிக்கே சபைக்கு எழுதிய முதல் நிருபத்தில் அது வருகிறது. ஆண்டவர் சீக்கிரம் வருவார் என்று காத்திருந்தவர்களில் சிலர் அதற்குள் இறந்துவிட்டார்கள். அவர்கள் கதி என்ன என்று மற்றவர்கள் கலங்கினார்கள். பவுல் பொற்தெருவைப் பற்றியோ முத்து வாசலைப் பற்றியோ வாய் திறக்கவில்லை. இறந்தவர்கள் முதலில் எழுவார்கள், நாம் அவர்களோடு சேர்வோம், எல்லாரும் என்றைக்கும் ஆண்டவரோடு இருப்போம், இதைச் சொல்லி ஒருவரையொருவர் தேற்றுங்கள் என்று முடித்துக்கொண்டார்.

கடவுளோடு இருப்பது, இழந்தவர்களோடு மறுபடி சேர்வது என்று அந்தச் சில வரிகளுக்குள் இரண்டு நம்பிக்கைகள் இருக்கின்றன. பின்னால் வந்த மரபுகள் எல்லாம் இவ்விரண்டில் எதற்கு முதலிடம் என்பதில்தான் பிரிகின்றன. இந்த மலருக்காக அவற்றைப் பார்வையிடும்போது நான் கையில் எடுத்துக்கொள்ளும் அளவுகோல் வேறு. சாவு விழுந்த வீட்டில் அந்த நம்பிக்கை எப்படி நடந்துகொள்கிறது? அழ விடுகிறதா, அதட்டுகிறதா?

பரலோகம் என்றதும் நம் மனத்தில் எழும் காட்சி யோவானுடையது. ரோமின் கெடுபிடிக் காலத்தில் பத்மு தீவில் இருந்தவர் அவர். அவர் கண்ட நகரம் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் 12,000 ஸ்தாதி. மதில் 144 முழம், வாசல்கள் 12. நம் பிரசங்கிகள் பொன்னிலும் இரத்தினத்திலும் நேரம் செலவழிக்கிறார்கள். எனக்கு அந்த வாசல்கள் ஒருபோதும் அடைக்கப்படுவதில்லை என்பதுதான் பெரிதாகப் படுகிறது. அந்த நகரத்தில் ஆலயமும் கிடையாது. தேவனே அங்கு குடியிருந்து மனிதர் கண்ணீரைத் துடைக்கிறார். துடைக்க வேண்டுமென்றால், அதுவரை கண்ணீரோடு வந்து சேர இடம் இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

எல்லாரும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. 252ஐ ஒட்டிக் கார்த்தேஜ் நகரைக் கொள்ளைநோய் சூறையாடியபோது, அங்கு பேராயராக இருந்த சிப்பிரியான் சாவைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பரலோகம் நம் தாய்நாடு, பெற்றோரும் பிள்ளைகளும் உடன்பிறந்தாரும் அங்கே கூட்டமாக நமக்காகக் காத்திருக்கிறார்கள் என்பது அதன் சாரம். வீடு திரும்புதல் என்ற கருத்து இத்தனை வாஞ்சையோடு வேறெங்கும் வந்ததில்லை. ஆனால் அவர்கள் வெள்ளங்கி தரித்திருக்கையில் நாம் இங்கே கறுப்பு உடுத்துவது தகாது என்றும் கண்டித்தார். அவர் சும்மா பேசுகிறவர் அல்லர், 258இல் இரத்தசாட்சியாக மடிந்தவர். என்றாலும் அந்தக் கண்டிப்பின் வாரிசுகள் நம்மிடையே ஏராளம். தமிழ்நாட்டில் ஒப்பாரி கூடாது என்று பெண்களை அடக்கிய சபைகள் உண்டு. அழுகையை அவிசுவாசம் என்று மைக்கில் சொல்லும் அடக்க ஆராதனைகள் இன்றும் உண்டு. பவுலே துக்கப்படாதீர்கள் என்று மொட்டையாகச் சொல்லவில்லை. நம்பிக்கையற்றவர்கள் துக்கப்படுவதுபோல வேண்டாம் என்றுதான் சொன்னார்.

இதற்கு மறுபக்கம் மக்ரினா. தம்பி பசில் இறந்த துயரத்தோடு இன்னொரு தம்பியான நிசா நகரத்துக் கிரகோரி அக்காவைப் பார்க்க வருகிறார். 379ஆம் ஆண்டு. வந்து பார்த்தால் அக்காவும் மரணப் படுக்கையில். ஆன்மாவையும் உயிர்த்தெழுதலையும் பற்றி அவர்கள் நடத்திய உரையாடலைக் கிரகோரி பின்பு நூலாக்கினார். தேர்ந்த குதிரைக்காரரைப் போல அக்கா தம்பியின் துக்கத்தைக் கொஞ்ச தூரம் ஓட விட்டு அதன் பிறகே கடிவாளத்தைப் பிடித்தார் என்று அதன் தொடக்கத்தில் எழுதுகிறார். வாதம் அதற்கப்புறம்தான். கிழக்குத் திருச்சபையின் மரபுக்கு இந்தக் குடும்பம் ஓர் ஊற்று. கடவுள் முடிவில்லாதவர் ஆகையால் அவரை நோக்கிய வளர்ச்சிக்கும் முடிவில்லை என்று போதித்தவர் கிரகோரி. பரலோகத்தில் பொழுது எப்படிப் போகும் என்று கேட்கும் சிறுபிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

மேற்கே அகஸ்டின். 387இல் ஓஸ்தியாத் துறைமுகத்தில், தோட்டத்தைப் பார்த்த ஜன்னலோரம், தாய் மோனிக்காவோடு பரிசுத்தவான்களின் நித்திய வாழ்வைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். சில நாட்களில் தாய் காய்ச்சலில் விழுந்து இறந்தார். தாய்க்கு 56 வயது, மகனுக்கு 33. அழுவது முறையல்ல என்று கண்ணீரை அடக்கினார். குளித்தால் துக்கம் தணியும் என்று கேள்விப்பட்டுக் குளித்தும் பார்த்தார், தணியவில்லை. தூங்கி எழுந்து படுக்கையில் தனியாகத்தான் அழுதார். இதைக் குற்றம் காண்கிறவன் காணட்டும் என்ற தொனியில் அதைத் தம் நூலிலும் எழுதி வைத்தார். முதுமையில் ‘கடவுளின் நகர’த்தின் கடைசிப் பகுதியில் நித்திய ஓய்வையும் காட்சியையும் துதியையும் பற்றி எழுதியவர் இந்த மகன்தான் என்பதை மறந்தால் அந்தப் பகுதி வெறும் இறையியலாகிவிடும்.

கடவுளைக் காண்பதே பேரின்பம், மற்றவை உபரி என்ற கட்சியின் தலைமகன் தாமஸ் அக்குவினாஸ். நேசிக்க வேறொருவர் இல்லாமல் ஒரே ஓர் ஆன்மா மட்டும் கடவுளை அனுபவித்தாலும் அதன் இன்பம் குறையாது, நண்பர்கள் இருப்பது அதற்கு அழகு சேர்க்கும், அவ்வளவே என்றார். தர்க்கத்தில் பழுதில்லை. பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்தவளிடம் சொல்லக்கூடியது அல்ல. அந்தத் தரிசனம் எப்போது கிடைக்கும் என்பதிலும் பெரிய ரகளை நடந்தது. இறுதித் தீர்ப்பு வரை ஆன்மாக்களுக்கு முழுத் தரிசனம் இல்லை என்று போப் 22ஆம் யோவானே 1331இல் அவிஞோனில் பிரசங்கித்தார். கலகம் எழுந்தது. 1334இல் மரணப் படுக்கையில் அவர் கருத்தை மாற்றிக்கொண்டார். தூய்மை பெற்ற ஆன்மாக்கள் தாமதமின்றிக் கடவுளைக் காண்கின்றன என்று 1336இல் அடுத்த போப் 12ஆம் பெனடிக்ட் தீர்த்துவைத்தார்.

அக்குவினாஸைக் கரைத்துக் குடித்த தாந்தே ஒரு கவிஞருக்குரிய குறும்போடு இதைத் திருத்துகிறார். அவருடைய ‘பாரதீசோ’வில் ஒளியாய்ச் சுழலும் ஆன்மாக்கள், உடல் திரும்பக் கிடைக்கும் என்று கேட்டதும் துள்ளி ஆமென் சொல்கின்றன. தங்களுக்காக மட்டும் அல்ல, அம்மாக்களுக்காகவும் அப்பாக்களுக்காகவும் இருக்கலாம் என்கிறார். கடவுளைக் கண்டுகொண்டிருப்பவர்களே அம்மாவின் முகத்தைத் தேடுகிறார்கள்! பரலோகம் என்றால் உடலைக் கழற்றிவிட்டுப் பறப்பது என்று எண்ணிக்கொண்ட பிற்காலச் சீர்திருத்த சபையார்களுக்கு, உடலின் உயிர்த்தெழுதலும் புதிய பூமியும்தான் வேதம் சொல்லும் முடிவு என்று 2008இல் ஆங்கிலிக்கப் பேராயர் என். டி. ரைட் ஒரு நூல் முழுக்க வாதாடினார். தாந்தே அதை ஒரே பாடலில் சொல்லிவிட்டார் என்பேன்.

கத்தோலிக்கருக்கு உத்தரிக்கிற ஸ்தலம் உண்டு. நவம்பர் 2இல் கல்லறைக்கு வெள்ளையடித்து, செவந்திப் பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றிச் செபிக்கும்போது இருப்பவர்கள் இறந்தவர்களுக்காக இன்னும் ஏதோ செய்கிறார்கள். சீர்திருத்தம் அந்தக் கதவை மூடியது. இறந்தவர் முழுவதும் கடவுள் கையில் என்ற உறுதி கிடைத்தது, ஆனால் இருப்பவர்களின் கைகள் வெறுமையாயின. லூத்தர் 1530இல் கோபுர்க் கோட்டையிலிருந்து நான்கு வயது மகன் ஹான்ஸுக்கு எழுதிய கடிதத்தில் பரலோகம் ஒரு தோட்டம். ஆப்பிள், பேரி, செர்ரி மரங்கள், பொற்கடிவாளம் பூட்டிய குட்டிக் குதிரைகள். 1542இல் 13 வயது மகள் மக்தலேனா அவர் கைகளிலேயே இறந்தாள். அவள் நலமாக இருக்கிறாள் என்று நிச்சயமாய்த் தெரிந்தும் இத்தனை துக்கம் வருவது விந்தை என்றார். என் அளவுகோலில் இந்த ஒப்புதலுக்கு நிகராக எதுவும் நிற்கவில்லை.

நமக்குப் பழகிய வழி பனியனுடையது. 1678இல் வந்த அவருடைய பயணக் கதையில் மோட்ச நகரத்துக்கு முன்னால் ஒரு ஆறு. பாலம் இல்லை. கதாநாயகன் அதில் முங்கித் தவிக்க, உடன் வருபவன் தலையைத் தூக்கிப் பிடித்து அடியில் கால் பாவுகிறது என்று தைரியம் சொல்கிறான். எச். ஏ. கிருஷ்ண பிள்ளை இக்கதையைக் கம்பன் நடை தோய்ந்த விருத்தங்களில் ‘இரட்சணிய யாத்திரிகம்’ ஆக்கி 1894இல் வெளியிட்டார். வைணவக் குடும்பத்தில் பிறந்து கம்பராமாயணத்தில் ஊறிய அவர் கையில் பனியனின் ஊர்ப்புறத்து உரைநடை காவியமாகிவிட்டது.

19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் சேர்ந்து வாழும் பரலோகம் உச்சம் தொட்டது. உள்நாட்டுப் போரில் பிள்ளைகளையும் கணவன்மாரையும் பறிகொடுத்த பெண்களுக்காக எலிசபெத் ஸ்டூவர்ட் ஃபெல்ப்ஸ் 1868இல் எழுதிய நாவலில் பரலோகத்தில் பியானோவும் இஞ்சி பிஸ்கட்டும் உண்டு. நூல் அமோகமாக விற்றது. மார்க் ட்வைன் அதைக் கேலி செய்தார். கேலி நியாயம்தான். ஆனால் அந்தப் பெண்களை அதுவரை உலர்ந்த பிரசங்கங்கள்தான் தேற்றிக்கொண்டிருந்தன என்பதையும் சொல்ல வேண்டும்.

அதே நாட்டில் அடிமைகளின் பாடல்களிலும் சேர்தல் இருந்தது, அதன் எடை வேறு. அவர்கள் பரலோகத்தில் தேடிய தாயைப் பிரித்தது சில வேளை சாவு, பல வேளை ஏலம். செருப்பு, நல்ல உடை, உட்கார ஓரிடம் என்று இங்கே மறுக்கப்பட்டவை எல்லாம் அங்கே இருந்தன. 1838இல் தப்பியோடிய ஃபிரெடரிக் டக்ளஸ், கானான் தேசத்துக்குப் போகிறோம் என்று தாங்கள் பாடியதில் பரலோகத்தை விட அதிகமான பொருள் இருந்தது, வடக்கே போவதைத்தான் குறித்தோம் என்று 1855இல் எழுதினார். பரலோகப் பாட்டுதானே என்று எஜமானர்கள் பாட விட்டிருந்தார்கள்.