தொடர்ச்சிப் பிழையும் உண்மைப் பிழையும்: தொலைக்காட்சிக் குற்றப் புலனாய்வு நாடகங்கள் பற்றிய ஒரு நோக்கு

துப்பறியும் கதைகளிற் பிழை காண்பது வாசகருக்கு நெடுங்காலமாகவே உவப்பான ஒன்றாக இருந்து வந்துள்ளது. கொனன் டொயிலின் முதலாவது ஷேர்லக் ஹோம்ஸ் நாவலில் (1887) டொக்டர் வாட்சன் ஆப்கானிஸ்தான் போரிலே தோளிற் குண்டடி பட்டவர். இரண்டாவது நாவலில் (1890) அக்காயம் காலுக்கு இடம்மாறி விடுகின்றது. ஆசிரியரின் இக்கவனக்குறைவுக்குத் தலைமுறை தலைமுறையாக வாசகர் சமாதானம் தேடினர். பி.பி.சி. 2010இல் ஒளிபரப்பத் தொடங்கிய 'ஷேர்லக்' தொடரோ அதனையே பாத்திர வார்ப்புக்குப் பயன்படுத்திற்று. அதில் வாட்சனின் காயம் தோளில். கால் நொண்டுவது உளத்தாக்கத்தின் விளைவு.

காட்சிக்குக் காட்சி நிறம் மாறும் சட்டையும், குடித்த பின்னரும் நிறைந்திருக்கும் கோப்பையும் இவ்வினத்தைச் சார்ந்தனவே. படைப்பின் ஒரு பகுதியை இன்னொரு பகுதியுடன் ஒப்பிட்டால் இவை புலனாகிவிடும். ஆதலால் இவை எவரையும் வஞ்சிப்பதில்லை. உண்மைப் பிழையின் இயல்பு வேறு. படைப்புக்கு வெளியேயுள்ள உலகுடன் ஒப்பிட்டாலன்றி அது வெளிப்படாது. ஆய்வுகூடமும் நீதிமன்றமுமாகிய அவ்வுலகோ பெரும்பாலான பார்வையாளர் அறியாதது.

ஐக்கிய அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு தொடக்கம் 2015 வரை ஒளிபரப்பாகிய 'சி.எஸ்.ஐ.' தொடர் இதற்குத் தக்க சான்றாகும். தடயம் சேகரிப்போரே அதனை ஆய்வு செய்து, சந்தேக நபரையும் விசாரிக்கின்றனர். கணனித்திரையில் விரலடையாளங்கள் விரைந்தோடி ஒரு பெயரில் வந்து நிற்கின்றன. நடைமுறையிலோ கணனி தருவது ஒத்திருக்கக்கூடியோரின் பட்டியல் மட்டுமே. முடிவு செய்பவர் ஒரு மனிதர். அவரும் தவறக்கூடும். 2004 மார்ச்சில் மட்ரிட் நகரப் புகையிரதங்களிற் குண்டுகள் வெடித்தபின், எவ்.பி.ஐ. நிபுணர்கள் ஒரு விரலடையாளத்தை அமெரிக்க வழக்கறிஞர் ஒருவருடையதெனத் தவறாக உறுதிசெய்தமையால் அவர் தடுத்து வைக்கப்பட்டார். ஸ்பானியப் பொலிசார் அதனை வேறொருவருடையதென இனங்கண்ட பின்னரே தவறு ஒப்புக்கொள்ளப்பட்டது.

கலைக்குக் காலத்தைச் சுருக்கும் உரிமை உண்டென்பதை நாம் மறுக்கவில்லை. பல வாரகால ஆய்வு சில நிமிடங்களில் முடிவது நாடக மரபு. ஆனால் இத்தொடர்கள் காலத்தை மட்டுமன்றி ஐயத்தையும் சேர்த்தே நீக்கிவிடுகின்றன. இங்குதான் பிழை கருத்தியலாக மாறுகின்றது.

இதன் சமூகப் பொருளை உண்மை வழக்குகளே உணர்த்துகின்றன. நுணுக்குக்காட்டியின் கீழ் மயிர்களை ஒப்பிட்டு எவ்.பி.ஐ. நிபுணர்கள் அளித்த சாட்சியங்கள் பற்றிய மீளாய்வு 2015இல் வெளியிடப்பட்டது. எதிரிக்குப் பாதகமான சாட்சியம் கூறப்பட்டிருந்த 268 விளக்கங்களுள் 257இல், விஞ்ஞானம் அனுமதிக்கும் எல்லையை மீறிய கூற்றுகள் காணப்பட்டன. மரண தண்டனை பெற்ற சிலரின் வழக்குகளும் அவற்றுள் அடங்கும். இவர்கள் அனைவரும் நிரபராதிகள் என்பது இதன் பொருளன்று. நிபுணரின் உறுதிமொழிக்கு இருந்த மதிப்பு அதன் ஆதாரத்தை மிஞ்சியிருந்தது என்பதே பொருள்.

இம்மதிப்பைத் தொலைக்காட்சி மட்டுமே உருவாக்கிற்று என்பது மிகை. 2006இல் மிச்சிகன் மாநிலத்தில் யூரர்களாக அழைக்கப்பட்ட ஆயிரத்துக்கு மேற்பட்டோரிடம் நடத்திய ஆய்வில், 46 சதவீதத்தினர் ஒவ்வொரு குற்ற வழக்கிலும் விஞ்ஞானச் சான்றினை எதிர்பார்த்தனர், எனினும் 'சி.எஸ்.ஐ.' பார்ப்பதனால் அவர்களது தீர்ப்பு பெரிதும் மாறுமென அவ்வாய்வு நிறுவவில்லை. ஆயின், ஏற்கெனவே நிலவும் நம்பிக்கையொன்றினை இந்நாடகங்கள் வாரந்தோறும் உறுதிப்படுத்துகின்றன எனலாம். ஆய்வுகூடம் தவறாது, ஆகவே அரசு தவறாது என்பதே அந்நம்பிக்கை. தனக்கென ஒரு நிபுணரை அமர்த்த வசதியற்ற எதிரியே அதற்கு விலை கொடுப்பவன்.

மாறிய சட்டையைக் கண்டு நகைக்கும் கூர்மையான பார்வை நம்மிடம் உண்டு. அதே பார்வை மாறாத உறுதியுடன் பேசும் நிபுணர் பாத்திரத்தின் மீதும் திரும்பவேண்டும். விமர்சனத்தின் பணி அங்குதான் தொடங்குகின்றது.