தெய்வங்களைக் கழித்தால் மிஞ்சுவது வரலாறா?

டிராய்ப் போர்க் கதையிலிருந்து வரலாற்றைப் பிரித்தெடுக்க முனைந்தவர்களில் பெரும்பாலோர் கையாண்ட வழி ஒன்றுதான். களத்தில் இறங்கிப் போரிடும் தெய்வங்களை எடுத்துவிடுவது. பேசும் குதிரையையும் அகில்லீஸோடு மல்லுக்கு நின்ற ஆற்றையும் எடுத்துவிடுவது. எஞ்சிய அரசர்களையும் கப்பல்களையும் முற்றுகையையும் வரலாறு என்று வைத்துக்கொள்வது. நம்ப முடியாததைக் கழித்தால் நம்பத்தக்கது மிஞ்சும் என்ற எண்ணம் இதற்கு அடிப்படை. பகுத்தறிவுக்கு உகந்ததாகத் தோன்றும் இந்த வழிதான் ஹோமர் ஆய்வில் நெடுங்காலக் குழப்பத்தை விளைவித்தது என்பேன்.

இதன் மிகச் சிறந்த வடிவத்தை கி.மு. 5ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸிடம் காணலாம். ஹெலனின் தந்தைக்குக் கொடுத்த வாக்குக்காக மற்ற அரசர்கள் திரண்டார்கள் என்பதை அவர் ஏற்கவில்லை; அகமெம்னானின் கடற்படைக்கு அஞ்சித் திரண்டார்கள் என்கிறார். போர் பத்தாண்டு இழுத்ததற்குப் பணமும் உணவும் போதாததே காரணம் என்கிறார். அகமெம்னானின் நகரான மைசீனி சிற்றூராகத் தெரிவதால் அதன் பழைய ஆற்றலும் சிறியது என்று முடிவுகட்டக் கூடாது; ஸ்பார்ட்டா பாழடைந்து கோயில்களும் அடித்தளங்களும் மட்டும் மிஞ்சினால், பின்னால் வருபவர்கள் அதன் புகழை நம்ப மாட்டார்கள் என்று எச்சரிக்கிறார். இன்றைய தொல்லியல் மாணவரும் மனத்தில் இருத்த வேண்டிய கருத்து இது. ஆனால் அதே இடத்தில் அவர் சறுக்கவும் செய்கிறார். கவிஞன் மிகைப்படுத்தியிருப்பான் என்று சொல்லிவிட்டு, 1,200 கப்பல் என்ற எண்ணிக்கையைக் கவிஞனிடமிருந்தே எடுக்கிறார். பெரிய கப்பலுக்கு 120 பேர், சிறியதற்கு 50 பேர் என்பதையும் அங்கிருந்தே எடுத்து, நடுத்தரம் பார்த்துப் படையின் அளவை மதிப்பிடுகிறார். தெய்வத்தை ஐயுற்றவர் எண்ணை ஐயுறவில்லை. எண் இயல்பாக இருந்தது, அது போதுமானதாகிவிட்டது.

அவருக்குப் பின் வந்தவர்களிடம் இந்த வழி மலிந்துபோயிற்று. குதிரைமேல் முதன்முதலில் ஏறியவர்களைக் கண்டு மிரண்டவர்கள்தான் குதிரையுடல் மனிதர்களைக் கற்பித்தார்கள் என்றார் பலாய்ஃபட்டோஸ். மரக்குதிரை மதிலை உடைக்கும் பொறியாக இருந்திருக்கும் என்றார் பவுசானியாஸ். பொசைடன் குதிரைக்கும் தெய்வம், நிலநடுக்கத்துக்கும் தெய்வம்; எனவே மரக்குதிரை என்பது மதிலைச் சாய்த்த நிலநடுக்கம் என்றனர் இக்காலத்தார் சிலர். மூன்று விளக்கமும் கேட்க நன்றாகவே இருக்கின்றன. ஆனால் பொறியா நிலநடுக்கமா என்று தீர்மானிக்க ஒரு சான்றும் இல்லை. சான்றின்றிச் சொல்லும் விளக்கம், எவ்வளவு அறிவார்ந்ததாக இருந்தாலும், பழைய கதைக்குப் பதிலாக வைக்கப்பட்ட புதிய கதைதான்.

இதை முதலில் துணிந்து சொன்னவர்களில் முக்கியமானவர் ஜார்ஜ் குரோட். 1846இல் வெளிவரத் தொடங்கிய தம் கிரேக்க வரலாற்றில், தொன்மங்களைத் தனியாக எடுத்துரைத்துவிட்டு, கி.மு. 776இன் முதல் ஒலிம்பிக்கிலிருந்தே வரலாற்றைத் தொடங்கினார். நடந்திருக்கக்கூடிய பொய்யை நடந்த உண்மையிலிருந்து பிரித்தறிய, காப்பியத்துக்கு வெளியே சான்று வேண்டும் என்பது அவர் வாதம்.

அந்த வாதம் எவ்வளவு சரி என்பதைப் பிரெஞ்சுக் காப்பியமான ரோலண்டின் பாடலை வைத்துச் சோதிக்கலாம். வரலாற்றாசிரியர் மோசஸ் ஃபின்லி இதை ஹோமர் விவாதத்துக்குள் கொண்டுவந்தார். 778இல் பிரனீஸ் மலைக் கணவாயில் சார்லமேனின் பின்படையைத் தாக்கியவர்கள் பாஸ்க் மக்கள். இது அக்காலத்தை ஒட்டிய பதிவுகளால் தெரியும். ஏறத்தாழ முந்நூறு ஆண்டுக்குப் பின் உருவான காப்பியத்தில் எதிரிகள் முஸ்லிம் பெரும்படையாக மாறிவிட்டார்கள். அங்கே இறந்த ரோலண்டின் பெயர் நிலைத்தது. எதிரி யார் என்பதே மாறிப்போனது. பதிவுகள் அழிந்துபோய், பாட்டு மட்டும் நமக்குக் கிடைத்திருந்தால், அதிலுள்ள அற்புதங்களை நீக்கிவிட்டு முஸ்லிம் படையை வரலாறாக எழுதியிருப்போம். ஏனெனில் அதில் நம்ப முடியாதது எதுவும் இல்லை.

ஆனால் குரோட்டின் கடுமையிலும் குறை உண்டு. காப்பியத்தை நம்பியவர்கள்தான் மண்வெட்டியை எடுத்தார்கள். டிராய் இருந்த இடமாகக் கருதப்படும் ஹிசார்லிக் மேட்டில் முதலில் தோண்டிய ஃபிராங்க் கால்வெர்ட்டும், 1871 முதல் பெரும் அகழாய்வு நடத்திய ஹைன்ரிக் ஷ்லீமனும், 1876இல் மைசீனிக் கல்லறைகளைத் திறந்த அதே ஷ்லீமனும் இல்லாவிட்டால், ஏஜியன் வெண்கலக் காலம் இன்னும் பல காலம் மண்ணுக்குள்ளேயே கிடந்திருக்கும். இந்தக் கடனை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அதே நம்பிக்கை செய்த கேட்டையும் சொல்ல வேண்டும். ஹோமரின் நகரம் அடியில்தான் இருக்கும் என்று நினைத்து ஷ்லீமன் வெட்டிய பெருங்குழி மேலடுக்குகளைச் சிதைத்தது. டிராய் அரசன் பிரியாமின் புதையல் என்று 1873இல் அவர் அறிவித்த பொன்னணிகள், போர் நடந்ததாகக் கருதப்படும் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுக்கும் முந்தியவை.

நம்பத்தக்கதா இல்லையா என்ற அளவுகோல் இரு பக்கமும் ஏமாற்றுகிறது. இலியட்டின் பத்தாம் பகுதியில் ஒடிசியஸ் அணியும் தலைக்கவசம் காட்டுப்பன்றியின் கோரைப்பற்களை வரிசையாகப் பதித்தது. கவிஞனின் கற்பனை என்று தள்ளிவிடத் தோன்றும். ஆனால் அப்படிப்பட்ட கவசங்கள் மைசீனியக் கல்லறைகளில் கிடைத்துள்ளன. ஹோமர் காலத்துக்குப் பல நூற்றாண்டுக்கு முன்பே அவை வழக்கொழிந்தவை. வாய்மொழிப் பாடகர்களின் நிலையான தொடர்களும் யாப்பும் பழைய செய்திகளைச் சுமந்துவந்திருக்கின்றன. மாறாக, அகில்லீஸின் நண்பன் பட்ரோக்ளஸின் உடலை எரித்த காட்சியில் யாரும் ஐயுற எதுவும் இல்லை. ஆனால் மைசீனியர் பெரும்பாலும் இறந்தோரைப் புதைத்தவர்கள். 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் மைசீனியரின் லீனியர் பி எழுத்தைப் படித்தபின் வெளிப்பட்ட பைலோஸ் அரண்மனை, ஆட்டையும் எண்ணெயையும் வெண்கலத்தையும் எழுத்தர்கள் களிமண் பலகைகளில் கணக்கெழுதிய ஆட்சி. அந்த அலுவலகத்தின் நிழல்கூட ஹோமரிடம் இல்லை. அதே பைலோஸ் பலகையில் ஹெக்டர் என்ற பெயர் வருகிறது. தாங்கியவன் இளவரசன் அல்லன், தெய்வத்தின் பணியாளாகக் குறிக்கப்பட்ட ஒருவன். கிரேக்கப் பெயரொன்றை டிராய் வீரனுக்குப் பாடகர்கள் சூட்டினார்கள் என்றே கொள்ள வேண்டும்.

காப்பியத்துக்கு வெளியே இருந்து வந்த வலுவான சான்று அனத்தோலியாவை ஆண்ட ஹிட்டைட் அரசின் ஆவணங்கள். விலுசா என்ற நாட்டின் அரசன் அலக்சந்துவோடு ஹிட்டைட் மன்னன் இரண்டாம் முவத்தல்லி கி.மு. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உடன்படிக்கை செய்தான். விலுசாவை இலியோஸ் என்ற டிராயாகவும், ஆவணங்கள் சொல்லும் அஹ்ஹியாவாவை ஹோமரின் அக்கீயர்களாகவும் இன்று பெரும்பாலான அறிஞர் ஏற்கிறார்கள். விலுசா தொடர்பாக ஹிட்டைட் அரசுக்கும் அஹ்ஹியாவாவுக்கும் பிணக்கு இருந்ததாக ஒரு கடிதம் சொல்கிறது. ஹிசார்லிக்கின் ஏழாம் அடுக்கின் முதல் நகரம் கி.மு. 1180ஐ ஒட்டி எரிந்திருக்கிறது. எரித்தது யார் என்று அந்தச் சாம்பல் சொல்லவில்லை. ஆகவே டிராய் என்ற நகரம் உண்மை, கிரேக்கர் அக்கரையில் தலையிட்டதும் உண்மை. ஹெலன், அகில்லீஸ், பத்தாண்டு முற்றுகை ஆகிய எதற்கும் காப்பியத்துக்கு வெளியே ஆதாரம் இல்லை.

ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கும், மைசீனியில் ஷ்லீமன் எடுத்த பொன் முகமூடி இன்றும் அகமெம்னானின் முகமூடி என்றே அழைக்கப்படுகிறது. பாடநூலிலும் பயணக் கட்டுரையிலும் அந்தப் பெயரை எழுதுவோர் காலத்தையும் சேர்த்து எழுத வேண்டும்: முகமூடி கி.மு. 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது; டிராய்ப் போர் நடந்ததாகச் சொல்லப்படுவது அதற்கு முந்நூறு ஆண்டு பிந்தி.